இருநூறு மணி நேரம் பறக்க யாரிடம் பணம் இருக்கிறது?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்த தோழர், "உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் ஆய்வுக் கட்டுரை மாதிரி வேண்டாம்" என்றார். முயற்சி செய்கிறேன். விமானத் துறையில் யார் எந்த வேலைக்கு எந்த வழியாக வந்து சேர்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இந்தத் தலைப்பை நான் நூலகத்தில் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது.

நான் வளர்ந்தது பொழிச்சலூர்ப் பக்கம். சென்னை விமான நிலையத்தின் கொல்லைப்புறம் மாதிரியான ஊர். விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். அம்மா பதினோரு ஆண்டுகள் விமானங்களுக்குள் துப்புரவு வேலை பார்த்தார், ஒப்பந்தத் தொழிலாளியாக. விமானம் வந்து நின்று, பயணிகள் இறங்கி, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் இருபது, இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் இருக்கைப் பைகளில் திணித்த குப்பையை எடுக்க வேண்டும், பெல்ட்டுகளைக் குறுக்காக மடித்துப் போட வேண்டும், கழிப்பறையைத் துடைக்க வேண்டும். இருக்கையில் உட்காரக் கூடாது. வேலை முடிந்து வெளியே வரும்போது உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். அம்மா ஏறி இறங்கிய விமானங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்றில்கூடப் பறந்ததில்லை. நான் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா" என்று சிரிக்கிறார்.

அவருடைய குழுவில் இருந்த பெண்கள் எல்லோரும் எங்கள் தெருவிலிருந்தும், பம்மல், அனகாபுத்தூர்ச் சேரிகளிலிருந்தும் போனவர்கள். "இந்த வேலைக்கு இந்தச் சாதி" என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே அப்படி அமைந்துவிட்டது. அதே விமானத்தின் முன்பக்கம், காக்பிட்டில் உட்காருகிறவர் யார்? அவர் எந்த வழியாக அங்கே வந்தார்? சிறுவயதில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

2017 ஏப்ரலில் உடான் திட்டத்தின் முதல் விமானத்தைச் சிம்லாவில் தொடங்கிவைத்த பிரதமர், ஹவாய் செருப்பு போட்டவரும் 'ஹவாய் ஜகாஜில்' பறக்க வேண்டும் என்றார். 'ஹவாய் ஜகாஜ்' என்றால் இந்தியில் விமானம். அதற்கு முன்பே, 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்குச் சீட்டு விற்றுக் காட்டியது. அந்தக் கதையைத் தழுவி வந்த 'சூரரைப் போற்று' படத்தை நம்மில் பாதிப் பேர் விசிலடித்துப் பார்த்திருப்போம். படத்தின் நாயகன் மதுரைப் பக்கத்துக் கிராமத்தான், கறுப்புச் சட்டைக்காரன். உண்மையில் ஏர் டெக்கானைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத் கர்நாடகத்தின் கோரூரைச் சேர்ந்த ஐயங்கார் குடும்பத்தவர், ராணுவ அதிகாரியாக இருந்தவர். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நமக்குப் பிடித்த மாதிரி ஒரு கதையை நமக்குக் காட்டினார்கள், நாமும் மகிழ்ந்தோம், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரதமரின் செருப்பும் சரி, படத்தின் நாயகனும் சரி, நம்மைப் பயணியாக மட்டும்தான் கற்பனை செய்தார்கள். சீட்டு மலிவானது. அதே காலத்தில் விமானி ஆவதற்கான செலவு ஏறிக்கொண்டே போனது. இரண்டும் ஒரே துறையில்தான் நடந்தன.

செலவு எவ்வளவு என்று பார்ப்போம். இந்தியாவில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வணிக விமானி உரிமம் வேண்டும். சிபிஎல் என்பார்கள். டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதை வழங்குகிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வான்வழிச் செலுத்தம், வானிலையியல், விமான விதிகள், தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள். வானொலித் தொடர்புக்குத் தனித் தேர்வு. முதல்நிலை மருத்துவத் தகுதி. எல்லாவற்றுக்கும் மேல் 200 மணி நேரம் பறந்த கணக்கு. அதில் 100 மணி நேரம் விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக இருந்து ஓட்டியிருக்க வேண்டும்.

தேர்வுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நம் பிள்ளைகள் இதைவிடக் கடினமானதை எழுதுகிறார்கள். அந்த 200 மணி நேரம்தான் சிக்கல். பயிற்சி விமானம், எரிபொருள், பயிற்றுநர் எல்லாம் சேர்ந்து இன்று ஒருவருக்கு 40 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை ஆகிறது. உரிமம் கையில் வந்த பிறகும் ஏர்பஸ் 320 மாதிரியான குறிப்பிட்ட வகை விமானத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். 'டைப் ரேட்டிங்'. அதற்கு இன்னொரு 15 லட்சத்துக்கு மேல். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் மொத்தம் ஒரு கோடியைத் தாண்டும்.

ஒரு வேலைக்கான பயிற்சியை அந்த வேலையைத் தருகிறவர் தருவாரா, வேலை தேடுகிறவரின் அப்பா தருவாரா? என் ஆய்வில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். வேலை தருகிறவர் தந்தால் தேர்வு எழுதியவர்களில் யாரும் வரலாம். அப்பா தர வேண்டுமென்றால், யாருடைய அப்பாவிடம் ஒரு கோடி இருக்கிறது என்பதைச் சாதி எப்போதோ தீர்மானித்துவிட்டது.

"வங்கிக் கடன் இருக்கிறதே" என்பார்கள். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரைதான் சொத்துப் பிணையம் இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் வீடோ நிலமோ காட்ட வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் தந்த அறிக்கையின் அடிப்படையில் 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். கையில் இருப்பதையும் வங்கி மேலாளர் எப்படிப் பார்க்கிறார்? வேறு சாதிக்கு விற்க முடியாத நிலம் அவருக்குப் பிணையமாகத் தெரிவதில்லை. நம் நிலத்தைக் காப்பாற்ற வைத்த விதியையே காட்டி நமக்குக் கடன் மறுக்கிறார்கள். மதுராந்தகம் பக்கத்தில் நான் சந்தித்த ஒரு குடும்பத்தில், மகளுக்கு விமானப் பயிற்சியில் இடம் கிடைத்து, மூன்று வங்கிகளில் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பெண் இப்போது பி.எட். படிக்கிறார்.

உதவித்தொகை? ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகம் பட்டியல் சாதி மாணவர்களுக்கு உயர்தரக் கல்வித் திட்டம் என்று ஒன்று நடத்துகிறது. அதில் தனியார் விமானப் பயிற்சிக் கழகங்களுக்கென்றே உச்சவரம்பு குறிப்பிட்டிருக்கிறார்கள்: ஆண்டுக்கு 3.72 லட்சம். இரண்டு ஆண்டுகளுக்கு 7.44 லட்சம். பிணையமில்லாக் கடன் ஏழரை லட்சத்தையும் சேர்த்தால் 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 50 லட்சத்துக்கு இன்னும் 35 லட்சம் வேண்டும். இந்த வரம்பை நிர்ணயித்த அதிகாரி ஒரு பயிற்சிக் கழகத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கட்டணத்தைக் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அரசே நடத்தும் பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாதெமி. நுழைவுத் தேர்வு உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. கட்டணம் 45 லட்சம் அளவில். தேர்வில் வென்று, ஒதுக்கீட்டில் இடமும் கிடைத்து, அதற்குப் பிறகு அந்தக் கட்டணத்தை எண்ணி வைக்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய தேதியைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை எடுத்துவந்தவர் நெவில் வின்சென்ட். இந்திய விமானப் போக்குவரத்தின் தொடக்கம் என்று பாடநூல்கள் கொண்டாடும் நாள். அதற்கு மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 24 அன்று, எரவாடாச் சிறையில் அண்ணல் அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தத்தைத் தொகுதிகளின் எண்ணிக்கையாக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் கடைசிக் கூறு, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி நிதியிலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்விக்குப் போதுமான தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்கிறது. 'போதுமான' என்பதை அன்றே எழுதி வாங்கியிருக்கிறார். ஆண்டுக்கு 3.72 லட்சம் என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

டாட்டாவின் நிறுவனம் 1953இல் நாட்டுடைமை ஆனது. ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் உருவாயின. அவற்றில் காலப்போக்கில் இடஒதுக்கீடும் வந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஃப்ளையிங் கிளப் என்ற பெயரைப் பாருங்கள், கிளப்! சென்னையில் 1930இலேயே ஒன்று இருந்தது. ராஜாக்களும் துரைகளும் ஆலை முதலாளிகளும் பறந்து பழகிய இடங்களில் நம் தாத்தாக்களுக்குப் புல் வெட்டும் வேலைதான் கிடைத்திருக்கும். ஆனால் பொதுத்துறையில் ஒரு கதவு இருந்தது, அதைத் தட்டச் சட்டம் இருந்தது. பொறியாளராக, கேபின் பணியாளராக, அலுவலராக நம்மவர்கள் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா மீண்டும் டாட்டாவிடம் போனது. அதை 'வீடு திரும்பல்' என்று கொண்டாடினார்கள். புதிய நியமனங்களில் இடஒதுக்கீடு அந்த வீட்டுக்குள் போகவில்லை.

இன்று நாட்டின் பெரிய பயணிகள் விமான நிறுவனங்கள் தனியாருடையவை. 2023இல் மட்டும் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று புது விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டன. அடுத்த 15, 20 ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவை என்று அமைச்சர் சொல்கிறார். இந்த 30,000 பேரில் நம்மவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லத் தனியார் நிறுவனங்களுக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது. பெண் விமானிகளின் கணக்கு மட்டும் நன்றாகத் தெரியும்: இந்தியாவில் ஏறத்தாழ 15 விழுக்காடு, உலகச் சராசரியைப் போல மூன்று மடங்கு. பெருமைக்குரியதுதான், நானும் பெருமைப்படுகிறேன். அந்த 15 விழுக்காட்டில் இருப்பது எந்தப் பெண்கள் என்ற கணக்கு வெளியே வருவதில்லை.

உள்ளே போனவர்களுக்கு என்ன நடக்கிறது? 2025 ஜூனில், ஒரு பெரிய தனியார் விமான நிறுவனத்தில் பயிற்சி விமானியாக இருந்தவர், மேலதிகாரிகள் தன்னைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியதாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுத்தார். விமானம் ஓட்ட நீ லாயக்கில்லை, போய்ச் செருப்பு தை என்ற பொருளில் பேசினார்கள் என்பது புகார். நிறுவனம் மறுத்தது. எது உண்மை என்பதை வழக்கு சொல்லட்டும். ஆனால் புகாரைப் படித்ததும் எனக்குப் பிரதமரின் ஹவாய் செருப்பு நினைவுக்கு வந்தது. வராமல் இருக்குமா?

இதைப் பேசினாலே "பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்டது, இங்கே தகுதிதான் முக்கியம்" என்று ஒருவர் எழுவார். நம் கூட்டத்தில் எழமாட்டீர்கள், உங்கள் அலுவலகத்தில் எழுவார். அவருக்கு இரண்டு பதில். ஒன்று, 200 மணி நேரத்தை 150 ஆக்கு என்று யாரும் கேட்கவில்லை. அதே தேர்வு, அதே மருத்துவச் சோதனை, அதே மணிக்கணக்கு. அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பது மட்டும்தான் பேச்சு. இரண்டு, 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். பறக்காத மணிநேரங்களைப் பறந்ததாகக் கணக்கு எழுதிக்கொடுத்த பயிற்சிப் பள்ளி விவகாரமும் அப்போதுதான் வெளிவந்தது. பணம் மட்டுமே வாசலாக இருக்கும் இடத்தில் தகுதியையும் விலைக்கு வாங்கப் பார்ப்பார்கள். அதில் இடஒதுக்கீட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை.

விமானியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் விமானத் துறை என்று இறங்கும்போது வேறு வாசல்களில்தான் நிற்கிறார்கள். அங்கேதான் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள். என் தம்பி கதையைச் சொல்கிறேன். அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் முதல் குரூப் கேட்டான். "கணக்கு எடுத்து எங்கே போகப் போறே, தொழிற்பிரிவுல சேரு" என்றார் பள்ளியில் ஒருவர். அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து பள்ளி வாசலில் நின்று அந்த இடத்தை வாங்கினார். ஆண்டு முழுக்கக் கணக்கு ஆசிரியர் இல்லை. தட்டுத்தடுமாறித் தேறினான். இந்த நாட்டில் விமானி, பொறியாளர், கட்டுப்பாட்டாளர் ஆகிற வாய்ப்பு பதினைந்து வயதில், குரூப் பிரிக்கும் அந்த ஒரு காலையில் பாதி முடிந்துவிடுகிறது. கலை, வணிகப் பிரிவு மாணவர்களையும் விமானிப் பயிற்சிக்கு அனுமதிக்கலாம் என்ற பேச்சு 2025இல் எழுந்தது. வரட்டும். அதுவரை, வேறு குரூப் எடுத்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியலையும் கணிதத்தையும் மட்டும் தனியாக எழுதித் தேற முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பிக்கு விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஆக ஆசை. நல்ல தொழில். விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் உரிமம் பெற்ற பொறியாளருக்குத்தான் உண்டு. எஞ்சின், உடல்பகுதி என்றால் பி1, மின்னணுக் கருவிகள் என்றால் பி2. விமானியாகும் செலவில் ஒரு சிறு பங்குதான். ஜிஎஸ்டி சாலையில் ஒரு பயிற்சி நிறுவனம், வாசலில் பழைய விமானத்தின் மூக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, கம்மலை அடகு வைத்து, இரண்டு ஆண்டுகளில் 2 லட்சத்து 80 ஆயிரம் கட்டினார். கடைசியில்தான் தெரிந்தது, அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏவின் 'கார் 147' அங்கீகாரமே கிடையாது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் டிப்ளமா. சுவரில் மாட்டலாம். அதைக் காட்டி எந்த உரிமமும் வாங்க முடியாது. அன்று அவன் அழவில்லை. "அக்கா, அந்த மூக்கு நிஜமான விமானத்து மூக்குதானே" என்று கேட்டான்.

அதன் பிறகு ஒப்பந்த லோடராகச் சேர்ந்தான், மாதம் 14,000. அம்மா நுழைந்த அதே வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனான்.

ஆகவே, தோழர்களே, உங்கள் தெருவில் யாராவது 'ஏவியேஷன்' என்று சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் அவர்களை நிறுத்துங்கள். பராமரிப்புப் பொறியியல் என்றால் அந்த நிறுவனம் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று பாருங்கள். விமானி என்றால் முதலில் மருத்துவச் சோதனை, பிறகுதான் கட்டணம். கண்ணாடி போட்டவர் விமானியாக முடியாது என்பது கட்டுக்கதை, நிறப்பார்வைக் குறைபாடுதான் சிக்கல். பிபிஏ ஏவியேஷன் என்பது ஒரு நிர்வாகப் பட்டப்படிப்பு, அது எந்த உரிமத்தையும் தராது. விளம்பரத்தில் விமானியின் படம் போட்டிருப்பார்கள். உரிமம் பெறாமலும் வேலைக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

விமானி உரிமம் வாங்கியவர்களும் உடனே வேலைக்குப் போவதில்லை. முப்பதாயிரம் பேர் தேவை என்கிறார்களே, உரிமத்தோடு சும்மா இருக்கும் இளைஞர்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்டால், நிறுவனங்கள் தேடுவது பெரும்பாலும் அனுபவமுள்ள கேப்டன்களை. புதியவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது கருவிவழிப் பறத்தல் தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் பறக்க வேண்டும், அதற்கும் பணம். வீட்டில் சோறு இருப்பவர் மூன்று வருடம் காத்திருப்பார்.

கேபின் பணி பற்றிச் சுருக்கமாக. பன்னிரண்டாம் வகுப்புப் போதும், உயர அளவு உண்டு, அதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இல்லாதது நிறம். முதல் கர்ப்பத்திலேயே விமானப் பணிப்பெண்ணை வேலையை விட்டு நீக்கலாம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 1981இல் நர்கேஷ் மிர்சா வழக்கில் ரத்து செய்தது. அப்படி ஒரு விதி அச்சில் இருந்ததால்தான் வழக்காட முடிந்தது. 'தோற்றம்' என்ற மதிப்பெண் கட்டத்தை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது? இருந்தாலும் கதவைத் தள்ளியிருக்கிறார்கள். கேரளத்தில் பழங்குடியினர் நலத் துறை உதவியோடு படித்த ஓர் ஆதிவாசிப் பெண் கேபின் பணியில் சேர்ந்திருக்கிறார். இங்கே தாட்கோவும் கேபின் பணி, பயணிகள் சேவை போன்ற பயிற்சிகளைத் தன் செலவில் தந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாக நாளிதழில் நான்கு வரி வரும். அடுத்த முறை வரும்போது வெட்டி எடுத்துத் தெருவில் ஒட்டுங்கள்.

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் வேலைக்கு வருகிறேன். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், ஏடிசி. கோபுரத்தில் இருந்து எந்த விமானம் எப்போது இறங்கலாம், எந்த உயரத்தில் பறக்கலாம் என்று சொல்கிறவர். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் இளநிலை நிர்வாகி என்ற பதவியில் எடுக்கிறது. அது பொதுத்துறை, ஆகவே பட்டியல் சாதிக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் சட்டப்படி உண்டு. இயற்பியல், கணிதம் படித்த பி.எஸ்சி. போதும், அல்லது பொறியியல் பட்டம். வயது வரம்பு 27, பிற்படுத்தப்பட்டோருக்கு 30, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 32. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தேர்வானால் பிரயாக்ராஜில் 1948 முதல் இயங்கும் பயிற்சிக் கல்லூரி போன்ற இடங்களில் ஆணையமே பயிற்றுவிக்கிறது. அப்பாவின் பணம் தேவையில்லை. தனியாரிடம் போய்விட்ட விமான நிலையங்களிலும் கோபுரத்தில் இருப்பவர் இன்னும் ஆணையத்தின் ஊழியர்தான். ஆறு விமான நிலையங்கள் அதானி கைக்குப் போனபோதும் அந்த வேலை போகவில்லை.

டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைக்குக் காத்திருந்து படிக்கும் நம் இயற்பியல் பட்டதாரிகளில் பலருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. நான் பேசிய கல்லூரி மாணவர்கள் பலர், "அது பைலட் குடும்பத்துப் பசங்க எழுதறது" என்றார்கள். எங்கிருந்து வந்தது இந்த நினைப்பு?

ஒரு பயம் நியாயமானது. ஆங்கிலம். தேர்வுக்குப் பின் குரல் சோதனை உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு படிநிலைகளில் நான்காம் நிலை ஆங்கிலம் வேண்டும் என்கிறது. அந்த அளவுகோலை எடுத்துப் படித்துப் பாருங்கள். தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், புரிந்துகொள்வதற்கு அது அடிக்கடி இடையூறாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உலகம் முழுக்க விமானங்களைத் தரையிறக்கும் அமைப்பே உங்கள் பொழிச்சலூர் ஆங்கிலத்தை ஏற்றுக்கொள்கிறது. நேர்காணலில் முகம் சுளிப்பவர் பாதுகாப்பை நினைத்துச் சுளிக்கவில்லை.

தனியாள் முயற்சியால் மட்டும் இது மாறாது. ஒரு கோரிக்கையை நாம் தூக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விமானப் பயிற்சி நிறுவனங்களை ஊக்குவிக்க, அவற்றிடம் வாங்கிவந்த வருவாய்ப் பங்கை ஆணையம் ரத்து செய்தது, நில வாடகையைக் குறைத்தது. சேலம் உட்படப் பல விமான நிலையங்களில் தனியார் பயிற்சி நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கியது. பொது நிலம், பொதுச் சலுகை. அப்படியானால் அந்தப் பயிற்சியில் நமக்கும் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு முழுக் கட்டணமும் வேண்டும். தனியார் கல்வி நிறுவனங்களிலும் ஒதுக்கீடு கொண்டுவரலாம் என்று 93ஆவது திருத்தம் வழியாக வந்த பிரிவு 15(5) சொல்கிறது. பயிற்சிப் பள்ளிகள் அதற்குள் வருமா என்று வாதாட நம்மிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மாநில அரசிடமும் கேட்கலாம்: ஆண்டுக்கு இருபது பேருக்கு முழுச் செலவு. ஒரு பெரிய மேம்பாலத்துக்கு ஆகிற பணத்தில் ஒரு சிறு பங்காக இருக்கும்.

பரந்தூரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2022இலிருந்து ஏகனாபுரம் மக்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று போராடுகிறார்கள். விமான நிலையம் வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு வேலை என்கிறார்கள் அவர்களிடம். எந்த வேலை என்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மீனம்பாக்கத்தைச் சுற்றி வாழ்ந்த எங்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்பதை நான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

தம்பி லோடர் வேலையில் இருந்துகொண்டே பி.எஸ்சி. இயற்பியல் முடித்தான், கணிதம் துணைப்பாடம். இப்போது 28 வயது. பொதுப்பிரிவுக்கு இந்நேரம் கதவு மூடியிருக்கும், அவனுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அந்த ஐந்து வருடத் தளர்வைச் சலுகை என்று சொல்பவர்கள், எங்கள் வீட்டில் மூன்று வருடமும் ஒரு கம்மலும் எங்கே போயின என்று கணக்கு எழுதிக்கொள்ளட்டும்.

அவனோடு சேர்ந்து ஏழு பேர் ஏடிசி தேர்வுக்குப் படிக்கிறார்கள். பம்மலில் ஒரு நண்பரின் மாடி, ஞாயிறு காலை பத்து மணி. இயற்பியலுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். கணக்குக்கு வந்துகொண்டிருந்தவர் வேலை மாற்றலில் ஓசூர் போய்விட்டார். இந்தக் கூட்டத்தில் கணக்குப் படித்தவர்கள் இருப்பீர்கள். வாசல் பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பெயரும் எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். வகை நுண்கணிதம்தான் அவர்களுக்கு உதைக்கிறது.